ரூபாய்க்கு ஒரு அணா

சென்ற மாதக் கூட்டத்தில் செயற்குழு முன் வந்த முதல் கோரிக்கை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காவலர் அறையில் பார்சல்கள் வைக்க இடமில்லை, இன்னொரு இரும்பு அலமாரி வாங்க வேண்டும் என்பதுதான் அது. வாங்கலாம் என்று நானும் கையைத் தூக்கினேன். அந்தக் குவியலில் என் பெயர் எழுதிய ஒரு பெட்டியும் இருந்ததால், மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வீடு திரும்பும்போது வேறொரு வாசல் நினைவுக்கு வந்தது. 38 ஆண்டுகள் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைக் கவுன்டருக்கு உள்ளே இருந்து பார்த்தவன். ஆனால் பணத்தைப் பற்றிய முதல் பாடத்தை நான் படித்தது ஒரு தொழிற்சாலை வாசலில். அந்த வாசலில் இருந்து தொடங்கி, நம் வடசென்னைக்காரர்கள் எப்படிச் சேமித்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளும் படித்தால் நல்லது.

ஏழாம் தேதி வாசல்

1968-ல் எனக்கு எட்டு வயது. அப்பா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். மாதத்தின் ஏழாம் தேதி சம்பளம். அன்று மாலை சங்கு ஊதுவதற்கு அரை மணி முன்பே அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அங்கே அம்மாவைப் போல இன்னும் நாற்பது ஐம்பது பெண்கள் இருப்பார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகள்.

பெண்கள் மட்டுமா நிற்பார்கள்? தவணைக்குத் துணி கொடுத்தவர் மிதிவண்டியோடு நிற்பார். தண்டல்காரர் சின்ன நோட்டோடு நிற்பார். இவர்களுக்கெல்லாம் முந்தைய தலைமுறையில் ஈட்டிக்காரர்கள் நின்றதாகத் தாத்தா சொல்வார். வடமேற்கு எல்லையிலிருந்து வந்து, கையில் நீண்ட தடியோடு வட்டி வசூலித்த பட்டாணியர்களுக்கு நம் ஊர் வைத்த பெயர் அது. சங்கு ஊதி, ஆட்கள் வெளியே வந்ததும் ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கும். சம்பளக் கவர் முதலில் யார் கைக்குப் போகிறது என்பதுதான் போட்டி. அம்மா பெரும்பாலும் ஜெயிப்பார். எதிரில் உள்ள டீக்கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, வாடகை, மளிகை, சீட்டு என்று பணத்தைப் பிரித்து, முந்தானையில் தனித்தனி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். மிச்சம் அப்பா கையில்.

அது ஏன் ஏழாம் தேதி என்று நான் பி.காம். படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

விட்லி கமிஷன் கண்ட கணக்கு

1929-ல் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய பிரிட்டிஷ் அரசு ஓர் அரச ஆணையம் அமைத்தது. தலைவர் ஜே.எச். விட்லி. 1931-ல் அறிக்கை வந்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளர்கள் கடனில் இருக்கிறார்கள் என்று அது கணித்தது. அந்தக் கடன் பெரும்பாலும் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. சாதாரணமாக வாங்கப்பட்ட வட்டி ரூபாய்க்கு மாதம் ஒரு அணா.

இன்றைய பிள்ளைகளுக்கு அணா தெரியாது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. 100 ரூபாய் கடனுக்கு மாதம் 100 அணா, அதாவது 6 ரூபாய் 25 பைசா. வருடத்துக்கு 75 ரூபாய். வட்டி 75 சதவீதம். வட்டிக்கு வட்டி இதில் சேரவில்லை. இதைவிடக் கூடுதலான வட்டிகளும் புழக்கத்தில் இருந்தன.

தொழிலாளி ஊதாரி, அதனால்தான் கடன் என்று அந்த அறிக்கை முடித்துவிடவில்லை. கல்யாணம், சாவு, திருவிழாச் செலவுகளைச் சொன்னது. சம்பளம் காலம் தாழ்த்திக் கொடுக்கப்படுவதையும் சொன்னது. வேலை செய்த மாதம் முடிந்து பல நாள் கழித்துச் சம்பளம் வந்தால், இடைப்பட்ட நாட்களுக்கு அரிசி வாங்கப் பணம் எங்கே? வாசலில் நிற்பவரிடம்தான். இந்தச் சிபாரிசுகளின் வழியில் 1936-ல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. 1,000 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் ஏழாம் தேதிக்குள், அதற்கு மேற்பட்ட இடத்தில் பத்தாம் தேதிக்குள் சம்பளம் தந்தாக வேண்டும் என்றது. என் அம்மா வாசலில் நின்ற ஏழாம் தேதி இப்படி வந்த தேதிதான்.

வாரத்துக்கு ஒரு முறை

சரி, மிச்சம் பிடித்த காசை எங்கே வைப்பது? கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் 1833 முதல் 1835-க்குள் அரசு சேமிப்பு வங்கிகள் வந்துவிட்டன. ஆனால் சாதாரண ஆளுக்குக் கதவு திறந்தது 1882-ல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி மூலம்தான். நாலணா இருந்தால் போதும், கட்டலாம். போடுவது எளிது. எடுப்பது அத்தனை எளிதல்ல. அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறைதான் பணம் எடுக்க முடியும்.

இதைக் குறையாகத்தான் அப்போது பலரும் நினைத்திருப்பார்கள். எனக்கு அது பெரிய உபகாரமாகப் படுகிறது. செவ்வாய்க்கிழமை ஆசைப்பட்ட பொருளுக்கு அடுத்த வாரம்தான் பணம் கிடைக்கும் என்றால், பாதி ஆசை நடுவிலேயே ஆறிப்போகும்.

நான் 1982-ல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கிளையிலும் இதே கதைதான். பணம் எடுக்கும் படிவத்தை நீட்டினால் பித்தளை டோக்கன் கொடுப்போம். லெட்ஜரில் பதிந்து, கையெழுத்து ஒப்பிட்டு, அதிகாரி பார்த்து, கேஷியரிடம் போக அரை மணி நேரம் ஆகும். ஒருமுறை துறைமுகத் தொழிலாளி ஒருவர் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம் கழித்து எழுந்து வந்து, "சார், அந்த பாரத்த திருப்பிக் குடுங்க. டிவி அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். எங்கள் தாமதத்தைத் திட்டிய வாடிக்கையாளர்கள் ஏராளம். அதற்கு நன்றி சொல்லியிருக்க வேண்டியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

சிக்கனமும் நாணயமும்

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. டி.யு.சி.எஸ். என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பின்னாளில் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ஊழியர் சங்கங்கள் வந்தபோது நம் ஊரில் அவற்றுக்கு வைத்த பெயர் 'சிக்கன நாணயச் சங்கம்'. நாணயம் என்றால் காசு, சொன்ன சொல் தவறாமை என இரண்டும்தான். சங்கத்துக்கான சந்தா சம்பளத்திலேயே பிடித்தம் ஆகிவிடும். ஆத்திர அவசரத்துக்குக் குறைந்த வட்டியில் கடனும் கிடைக்கும். தண்டல்காரரிடம் போக வேண்டியதில்லை.

பெண்களின் சங்கம் சீட்டுதான். ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு என்று தெருவுக்குத் தெரு நடந்தது. மாதம் தவறினால் பக்கத்து வீட்டு அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சமே அங்கே ரசீது. நடத்துபவர் ஓடிப்போன கதைகளும் உண்டு. அதனால்தான் தமிழ்நாட்டில் 1961-லும், நாடு முழுமைக்குமாக 1982-லும் சீட்டு நிதிச் சட்டங்கள் வந்தன. பதிவு செய்யாத சீட்டில் பணம் கட்டுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. யாருமே மனக்கட்டுப்பாட்டை நம்பி உட்காரவில்லை. கைக்கும் காசுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வைத்தார்கள். ஒரு இடத்தில் அது ஒரு வாரம், இன்னொரு இடத்தில் ஒரு டோக்கன், வேறொரு இடத்தில் அக்கம்பக்கத்தாரின் பார்வை. என் அம்மாவுக்கு முந்தானை முடிச்சு.

அப்பாவின் ஒரு அணா

இந்தத் தடுப்புகளிலேயே பலமானது 1952-ல் வந்த தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம். முதலில் ஆறு தொழில்களுக்கு வந்தது. நெசவு, இரும்பு, சிமென்ட், காகிதம், சிகரெட்டோடு பொறியியல் தொழிலும் அதில் ஒன்று. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் மோட்டார் வாகனம், மோட்டார் சைக்கிள், உராய்வுக்கல் என்று ஆலைகள் வரிசையாக எழுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான்.

தொடக்கத்தில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு தெரியுமா? சம்பளத்தில் 6.25 சதவீதம். அதாவது ரூபாய்க்கு ஒரு அணா. முதலாளி அதே அளவு போட வேண்டும். ஈட்டிக்காரர் கடன் ரூபாய்க்கு மாதாமாதம் கேட்ட அதே ஒரு அணாவை, இப்போது சம்பள ரூபாயிலிருந்து தொழிலாளியின் பெயருக்கே எடுத்து வைத்தார்கள். அளவு ஒன்றுதான், போகும் திசை மட்டும் மாறியது. அந்த அணா வாசலுக்கு வருவதே இல்லை. அம்மாவும் அதைப் பார்க்கவில்லை, தண்டல்காரரும் பார்க்கவில்லை, அப்பாவும் பார்க்கவில்லை. இன்று பெரும்பாலான இடங்களில் இந்தப் பிடித்தம் 12 சதவீதம்.

அப்பா 1994-ல் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் வந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரே இடத்தில் பார்த்திராத தொகை. அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். "உன் பேங்குல 11 சதவீதம்ங்கிற. அங்க ஒரு பைனான்ஸ்ல 24 தர்றானாம். நீ கணக்கு படிச்சவன். எதுல போடலாம்?"

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "பாதி இங்க, பாதி அங்க போடலாம்பா" என்றேன்.

அந்த நிறுவனம் எட்டு மாதம் வட்டி கொடுத்தது. ஒன்பதாவது மாதம் ஷட்டரில் பூட்டு. கூட்டத்தில் அப்பாவும் நின்றார், நானும் நின்றேன். 36 வருடம் அணா அணாவாகச் சேர்ந்ததில் பாதி, என் ஒரு வார்த்தையில் போனது. அப்பா அதன்பின் இறக்கும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1906-லேயே படித்த பாடம்

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது, வங்கிப் பரீட்சைக்கு நான் படித்த பாடமே இதுதான் என்பது. சென்னையில் அர்பத்நாட் அண்ட் கோ என்று ஒரு பெரிய வெள்ளைக்கார வணிக நிறுவனம் இருந்தது. இன்றைய ராஜாஜி சாலையான கடற்கரைச் சாலையில் அலுவலகம். மற்ற வங்கிகளைவிடக் கூடுதல் வட்டி தந்ததால் ஓய்வூதியக்காரர்கள், வக்கீல்கள், விதவைகள், கோயில்கள் என்று எல்லோரும் அங்கே பணம் போட்டார்கள். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, பணம் பட்டுவாடா நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு ஒரு பகுதிதான் திரும்பியது.

அந்த இடிபாட்டிலிருந்து வந்தது இந்தியன் வங்கி. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யர் முன்னின்று பாடுபட, நம் மக்களின் மூலதனத்தில் 1907 ஆகஸ்ட் 15 அன்று அது வேலையைத் தொடங்கியது.

ஆக 1906-ல் நடந்தது 1990-களில் திரும்ப நடந்தது. சென்னையில் அப்போது இப்படிப் பல நிதி நிறுவனங்கள் மூடின. 1997-ல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புக்கென்று தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. நினைத்தவுடன் பொருள் வாங்குவதை மட்டும்தான் அவசரச் செலவு என்று நாம் நினைக்கிறோம். 24 சதவீதம் என்றவுடன் சபலப்படுவதும் அதே அவசரம்தான். பொருளுக்குப் பதில் வட்டியை வாங்குகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்றைய வாசல்

இப்போது வாசலில் யாரும் நிற்பதில்லை. சம்பளம் நேராகக் கணக்கில் விழுகிறது. டோக்கன் போய் ஏ.டி.எம். வந்தது, 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இவை நல்ல வசதிகள், நான் குறை சொல்லவில்லை. மின்கட்டணத்துக்கு வரிசையில் நின்ற கால் வலி எனக்குத் தெரியும். ஆனால் நூறு வருடமாகக் கட்டிய தடுப்புகள் எல்லாம் பத்தே வருடத்தில் போய்விட்டன. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இரவு பதினோரு மணிக்கும் அங்கே கடை திறந்திருக்கிறது. அலமாரியில் இருந்த என் பெட்டி, கால் மசாஜ் மெஷின். படுக்கையில் இருந்தபடி வாங்கியது. நான்கு முறை உபயோகித்தேன்.

வட்டியைப் பழைய அணாக் கணக்கிலேயே பார்க்கலாம். கிரெடிட் கார்டில் முழுத் தொகையைக் கட்டாமல் தள்ளிப்போட்டால் பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம் போல வட்டி, வருடத்துக்கு 42. அதாவது ரூபாய்க்கு மாதம் அரை அணாவுக்குச் சற்று மேல். அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. ஈட்டிக்காரர் கேட்டதில் பாதியைவிட அதிகம், கையில் தடி மட்டும் இல்லை. 'வட்டியில்லாத் தவணை' என்பதும் அப்படித்தான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி பொருளின் விலையிலோ, தராமல் விட்ட தள்ளுபடியிலோ, பிராசசிங் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும்.

தண்டலும் ஒழியவில்லை. 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் வட்டி சுமார் 120 சதவீதம். மாதம் ரூபாய்க்கு ஒன்றரை அணாவுக்கும் மேல். விட்லி கமிஷன் பார்த்து அதிர்ந்த வட்டியைவிட இது அதிகம். காசிமேட்டிலும் ராயபுரம் மார்க்கெட்டிலும் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். நம் வளாகத்தில் பெருக்கித் துடைப்பவர்கள், காவலுக்கு நிற்பவர்கள் சிலரும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன், சொன்னார்கள்.

நாம் செய்யக்கூடியவை

சிக்கனமாக இருங்கள் என்று உபதேசம் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள், நானே கேட்கவில்லை. பழைய தடுப்புகளை நாமே திரும்பக் கட்டிக்கொள்வதுதான் வழி.

முதலாவது, ஒரு அணா. சம்பளமோ பென்ஷனோ வரும் மறுநாளே அதில் 6.25 சதவீதம் தானாகவே ஆர்.டி.க்குப் போகும்படி வங்கியிலோ அஞ்சலகத்திலோ எழுதிக் கொடுத்துவிடுங்கள். 40,000 ரூபாய்க்கு 2,500. செலவு போக மிச்சத்தைச் சேமிக்கலாம் என்றால் மிச்சமே இருக்காது.

இரண்டாவது, வாரத்துக்கு ஒரு முறை. பிடித்த பொருளைக் கூடையில் போட்டு வையுங்கள், ஞாயிறு காலை மட்டும் வாங்குங்கள். நான் ஆறு மாதமாக இப்படிச் செய்கிறேன். பாதிக்கு மேல் ஞாயிறு வரை தாங்குவதில்லை. கார்டு எண்ணை எந்த ஆப்பிலும் சேமிக்காதீர்கள். பதினாறு இலக்கமும் கையால் அடிக்க எடுக்கும் நேரம்தான் இன்றைய பித்தளை டோக்கன்.

மூன்றாவது, முந்தானை முடிச்சு. யு.பி.ஐ.க்கென்று தனியாக ஒரு சிறு கணக்கு வைத்து, வாரச் செலவை மட்டும் அதில் மாற்றுங்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். பெரிய கணக்கை போனோடு இணைக்க வேண்டாம்.

நான்காவது, என் அப்பாவுக்காக. யார் எத்தனை சதவீதம் சொன்னாலும், அன்றைய வங்கி வட்டியைவிட எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். அந்த வித்தியாசம் நீங்கள் ஏற்கும் ஆபத்தின் விலை. வங்கியில் இருந்தாலும் ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. வீட்டில் யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பாதிக்குப் பாதி என்று சொல்லாதீர்கள்.

ஐந்தாவது செயற்குழுவுக்கு. நம் வளாகத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஏழாம் தேதிக்குள் சம்பளம் கைக்கு வந்துவிட வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தை நாம் தாமதமாகக் கட்டினால் அந்தத் தேதி தள்ளிப்போகிறது. தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் ஒருவரைத் தண்டலுக்கு அனுப்புகிறோம். 1931-ல் ஓர் ஆணையம் கண்டுபிடித்ததை நாம் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நான் இந்த மாதக் கட்டணத்தை ஒன்றாம் தேதியே கட்டிவிட்டேன். நீங்களும் கட்டுங்கள்.

ஆர்.டி. படிவம் நிரப்ப, தவணைக்கு உண்மையான வட்டி என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புபவர்கள் வரலாம். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை 10 முதல் 12 வரை சங்க அறையில் இருப்பேன். வீட்டு வேலைக்கு வருபவர்களையும் காவலர்களையும் அனுப்பி வையுங்கள். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது. கால் மசாஜ் மெஷினும் இருக்கிறது, வேண்டுபவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.